ஒரு பிடி அரிசி

நூறு வீடு சேர்ந்தால் ஆயிரம் சாப்பாடு! முத்துக்கடல் ஓரத்துக் கோவில்கள் சொல்லும் தொண்டுக் கதை

ஒரு பிடி அரிசியை வைத்து என்ன செய்ய முடியும்?

ஒரு குழந்தையின் பசிகூட அடங்காது என்பீர்கள். உண்மைதான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பிடி அரிசி ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். ஒரு தெருவில் 100 வீடு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைக்கிறார்கள். ஒரு நாளில் 5 கிலோ சேர்ந்துவிடும். ஒரு மாதத்தில் 150 கிலோ!

ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று வைத்துக்கொண்டால், அது ஆயிரம் பேருக்கு ஒரு வேளைச் சோறு.

கொடுத்த வீட்டில் யாருக்கும் வயிறு குறையவில்லை. ஆனால் ஆயிரம் இலை நிறைந்துவிட்டது!

இந்தக் கணக்கைத் தூத்துக்குடிக் கடற்கரை மக்கள் வெகு காலத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்கள் கட்டிய கோவில், நடத்திய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தச் சிறு பங்குதான் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

ஆற்றின் கடைசி ஊர்கள்

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது, ஆத்தூர். தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நிறைந்த பூமி. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே போனால் ஆறு கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தில் இருக்கும் கடற்கரை ஊர்தான் புன்னைக்காயல்.

ஒரு காலத்தில் இந்தக் கரைக்கு "முத்துக்குளித்துறை" என்று பெயர். கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிக்குப் போவார்கள். மேலே தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே போனவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். இழுக்கக் கொஞ்சம் தாமதித்தால் உயிர் போய்விடும்!

அடுத்தவன் கையில் தன் உயிரை ஒப்படைத்துவிட்டுத் தொழில் செய்த மக்கள் இவர்கள். "உனக்கு நான், எனக்கு நீ" என்பதை இவர்களுக்கு யாரும் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டு. அதோடு அந்தத் தொழில் நின்றுவிட்டது. ஆனால் கயிற்றைப் பிடிக்கும் பழக்கம் நிற்கவில்லை.

ராணியின் செருப்புப் பணம்!

1530-ம் ஆண்டுகளில் இந்தக் கரையில் இருந்த பரதவர்கள் கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார்கள். 1542-ல் சவேரியார் இங்கு வந்தார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசிய மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கினார். மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

நோயாளிகள் வீட்டில் இருந்து அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஓர் ஆள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? அதனால் ஜெபம் படித்த பிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். இந்தக் கரையில் கோவில் தொண்டு செய்யப் புறப்பட்ட முதல் தொண்டர் படை அந்தப் பிள்ளைகள்தான் என்று சொல்லலாம்.

ஊருக்கு ஊர் ஒரு "கணக்கப்பிள்ளை"யை அவர் நியமித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, கோவிலைக் கவனிப்பது, பிறப்பு இறப்புகளைப் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை. இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே!

அப்போது இந்தக் கரை மக்கள் போர்ச்சுக்கல் நாட்டு ராணி கத்தரீனுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டி வந்தார்கள். எதற்குத் தெரியுமா? ராணியின் செருப்புச் செலவுக்கு!

"அந்தப் பணத்தை இந்த ஊழியர்களின் சம்பளத்துக்குத் தர வேண்டும்" என்று சவேரியார் கேட்டார். ராணியும் சம்மதித்தார். முத்து எடுத்தவர்களின் உழைப்பு ராணியின் காலுக்குப் போகாமல், ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் திரும்பி வந்தது.

புன்னைக்காயல் ஆஸ்பத்திரி

சவேரியாருக்குப் பிறகு இந்தக் கரையில் நெடுங்காலம் உழைத்தவர், ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். போர்ச்சுக்கல் நாட்டில் 1520-ல் பிறந்தவர். தமிழை நன்றாகப் படித்து, அதற்கு இலக்கணமும் எழுதியவர். 1600-ல் அவர் இறக்கும் வரை இந்த மக்களோடுதான் இருந்தார்.

1550-ம் ஆண்டுகளில் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி நடந்தது. அதை ஏற்படுத்தியவர் இந்த அடிகளார். ஆனால் அதை நடத்தியது ஊர் மக்கள் கொடுத்த காணிக்கை!

யோசித்துப் பாருங்கள். பெரிய ஜமீன்தார் இல்லை. சர்க்கார் மானியம் இல்லை. கடலுக்குப் போய் வந்தவர்கள் போட்ட பணத்தில், கடலுக்குப் போக முடியாமல் படுத்துக் கிடந்தவர்களுக்கு மருந்தும் கஞ்சியும் கிடைத்தன.

புத்தகம் அச்சிடவும் இந்த மக்கள் பணம் கொடுத்தார்கள். ஹென்றிக்கஸ் அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க நூல் 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய நாட்டிலேயே இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல்களின் வரிசையில் அதற்குத் தலையிடம் உண்டு. 1586-ல் "அடியார் வரலாறு" என்ற பெரிய நூல் வந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து.

தமிழ் எழுத்து அச்சு ஏறியதில், எழுதப் படிக்கத் தெரியாத பல மீனவர்களின் காசும் கலந்திருக்கிறது!

தேரிக் காட்டில் தர்ம சங்கம்

கடற்கரையை விட்டு மேற்கே கொஞ்சம் உள்ளே போனால் பூமியின் நிறம் மாறிவிடும். செக்கச் சிவந்த மணல். அதற்குத் "தேரி" என்று பெயர். பனை மரம்தான் அங்கே வாழ்வு. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று அங்கே பல கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. முதலூர் 1799-ல் உண்டானது. இப்பக்கத்தில் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள் அமைத்த முதல் ஊர் என்பதால்தான் அந்தப் பெயர்.

மதம் மாறியதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன குடும்பங்கள் பல. அவர்களுக்குத் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். என்ன செய்வது?

பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், "தர்ம சங்கம்" என்று ஒன்று தொடங்கினார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் அதற்குப் பணம் போட்டார்கள். சேர்ந்த பணத்தில் நிலம் வாங்கினார்கள். வீடு இல்லாதவர்களைக் குடியேற்றினார்கள்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். சோறு போட்டால் மட்டும் போதாது, கையில் ஒரு தொழில் வேண்டும் என்று நினைத்து, 1878-ல் தொழிற்பள்ளியும் தொடங்கினார். ஏற்கெனவே 1870-ல் அங்கே ஆஸ்பத்திரி உண்டாகியிருந்தது. மர்காஷிஸ் ஐயரின் பெயரில் நாசரேத்தில் இன்று கல்லூரி இருக்கிறது.

அதுவரை வெளிநாட்டில் இருந்து பணம் வந்தது. வெளிநாட்டில் இருந்து ஆள் வந்தார்கள். "நம் பணத்தில், நம் ஆட்களே இந்த வேலையைச் செய்யக் கூடாதா?" என்ற கேள்வி பிறகு எழுந்தது.

கேட்டவர்களில் முக்கியமானவர், வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-ல் பிறந்த அசரியா. 1903-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பாளையங்கோட்டையில் "இந்திய மிஷனெரி சங்கம்" தொடங்கியது. நெல்லைச் சீமை மக்கள் கொடுத்த காணிக்கையில், தெலுங்கு நாட்டு டோர்ணக்கலுக்கு ஆட்களை அனுப்பினார்கள். அசரியா 1912-ல் டோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர் அவரே.

வாங்கிப் பழகிய கை, கொடுக்கிற கையாக மாறியது இப்படித்தான்.

எல்லா மதத்துக்கும் ஒரே பிடி

சமையல் அறையில் ஒரு சிறு பானை. அல்லது ஒரு டப்பா. உலைக்கு அரிசி அளந்து போட்டதும், அதில் இருந்து ஒரு பிடியை எடுத்து அந்தப் பானையில் போடுவார்கள். வாரம் முடிந்ததும் அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இதுதான் "கைப்பிடி அரிசிக் காணிக்கை".

இதில் ஒரு சிறப்பு உண்டு. அந்தக் காலத்தில் வீட்டுப் பெண்களின் கையில் காசு இராது. ஆனால் அரிசிப் பானை அவர்கள் கையில்தான் இருந்தது! யாரிடமும் கேட்காமல், தன் கையால் தானே கொடுக்கும் தர்மம் அது.

வடகிழக்கில் உள்ள மிசோரம் மாநிலத்தில் 1910-ல் இந்த வழக்கம் தொடங்கியது. இன்றும் அங்கே வீடு தவறாமல் நடக்கிறது. மலைநாட்டு ஏழைகள் நிறைந்த அந்தச் சபை, இந்த அரிசியை விற்ற பணத்திலும் பல ஊர்களுக்கு ஊழியர்களை அனுப்பி வருகிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான வழக்கம் அல்ல. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், ஏழைகளுக்கு அன்னம் அளிக்கப் "பிடி அரிசித் திட்டம்" ஏற்படுத்தினார். விருதுநகரில் நாடார் சமூகத்தார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிச் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடத்தை நடத்தினார்கள்.

அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சிறுவனின் பெயர், காமராஜர்!

அவர் 1954-ல் முதல்-மந்திரி ஆனார். 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் வந்தது. அது எங்கே தொடங்கியது தெரியுமா? இதே தூத்துக்குடிச் சீமையில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில்! தொடக்கத்தில் அந்தத் திட்டம் ஊர் மக்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் பணத்திலும் நடந்தது. பிறகுதான் சர்க்கார் பணம் வந்தது.

ஒரு பிடி அரிசி ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்கே சோறு போட்டார்!

முட்டைக்கு ஏலம்! ஊருக்கு அசனம்!

இந்தப் பக்கத்துக் கோவில் விசேஷங்களைப் பார்த்தால், அதிலும் இந்தப் "பங்கு" இருப்பது தெரியும்.

தென்னிந்தியத் திருச்சபைக் கோவில்களில் "அறுப்பின் பண்டிகை" நடக்கும். விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், தேங்காய், பூசணிக்காய், கோழி, முட்டை எல்லாம் வரும். பிறகு ஏலம்! ஒரு முட்டையை ஒருவர் வாங்குவார். திரும்பவும் கோவிலுக்கே கொடுப்பார். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். கடையில் சில ரூபாய்க்கு விற்கும் முட்டை அன்று நூற்றுக்கணக்கில் போகும். ஜனங்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஏழைக் கிழவி கொண்டுவந்த முட்டைக்குத்தான் சில வேளை அதிக விலை கிடைக்கும்!

இன்னொன்று, "அசனம்". கோவில் பண்டிகையின்போது ஊருக்கே போடும் சாப்பாட்டுக்கு நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் அசனம் என்று பெயர். முந்தின நாள் ராத்திரியே வேலை தொடங்கிவிடும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். வாலிபர்கள் விறகு சுமப்பார்கள். பெரிய அண்டாக்களில் சோறு பொங்கும். பந்தியில் இன்ன மதம், இன்ன சாதி என்று யாரும் கேட்பது இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து உட்காருவார்கள். கார் வைத்திருப்பவரும், நடந்து வந்தவரும் ஒரே பந்திதான்.

கத்தோலிக்கக் கோவில்களில், தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்டு 5-ந் தேதி. மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-ந் தேதி. பனிமய மாதாவின் தங்கத் தேர் எப்போதாவது ஒரு முறைதான் ஓடும். 1806-ல் முதன்முதலில் ஓடிய அந்தத் தேர், 2023-ல் 16-வது தடவையாக வலம் வந்தது. தேர் எத்தனை பெரியது ஆனாலும், அது தானாக நகர்வது இல்லை. வடத்தைப் பிடிக்க ஆயிரம் கை வேண்டும்!

வானம் பொத்துக்கொண்ட நாள்

அந்தத் தேர் ஓடிய அதே 2023-ம் ஆண்டின் முடிவில், இந்தச் சீமைக்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

டிசம்பர் 17-ந் தேதி மழை தொடங்கியது. 18-ந் தேதி காலை வரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது.

தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சாலைகள் அறுந்தன. வாழைத் தோட்டங்கள் மூழ்கின. மின்சாரம் இல்லை. டெலிபோன் வேலை செய்யவில்லை. பல ஊர்கள் தீவு ஆகிவிட்டன.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ரெயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழ் இருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போய்விட்டன. ரெயிலில் ஏறக்குறைய 800 பேர். குழந்தைகள், கிழவர்கள், கர்ப்பிணிகள்! சுற்றிலும் தண்ணீர்.

அப்போது என்ன நடந்தது?

பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர் மக்கள், தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்தார்கள். அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். அவர்கள் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்துதான் இருந்தது. நாளைக்குத் தங்களுக்கு அரிசி உண்டா என்பது அவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் முன்பின் தெரியாத பிரயாணிகளுக்குச் சோறு போட்டார்கள்.

பிடி அரிசி என்பது இதுதான். மிச்சம் இருப்பதைக் கொடுப்பது அல்ல, இருப்பதில் கொடுப்பது.

ராணுவமும் மீட்புப் படையும் வந்தன. மீனவர்களின் படகுகளும் வந்தன. மீன் பிடிக்கும் படகு, தெருவில் ஓடி மனிதர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. அங்கே மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய், ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாற்றினார்கள்.

கயிற்றைப் பிடித்திருக்கிறவன் இழுக்கத் தவறக் கூடாது என்பது கடல்காரனுக்குத் தெரியும்.

நீடித்து நிற்பது எப்படி?

உதவி வேண்டும் என்று சொன்னால் ஒரு நாள் ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் நூறு ஆண்டு நிற்கிற தொண்டு சில இடங்களில்தான் நடக்கிறது. அந்த இரகசியம் என்ன? மேலே சொன்ன கதைகளில் மூன்று காரியங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, பங்கு சிறியது. கொடுப்பதற்குப் பயம் இல்லை. ஒரு பணக்காரர் லட்ச ரூபாய் கொடுத்தால் நல்லதுதான். ஆனால் அடுத்த ஆண்டு அவருக்கு வியாபாரம் நொடித்தால் தொண்டும் நொடித்துவிடும். நூறு வீடு கொடுக்கும்போது, பத்து வீடு தவறினாலும் வேலை நிற்காது.

இரண்டாவது, கணக்கு. எத்தனை கிலோ வந்தது, யாருக்குப் போனது என்பதை எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும். கணக்கு வாசிக்காத இடத்தில் சந்தேகம் முளைக்கும். சந்தேகம் முளைத்த இடத்தில் அரிசிப் பானை காலியாகிவிடும். இது எல்லா மதத்துக் கோவிலுக்கும், எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தும்.

மூன்றாவது, மரியாதை. வாங்குகிறவர் தலை குனியக் கூடாது. அசனப் பந்தியில் ஏழைக்கு என்று தனி வரிசை கிடையாது. அதனால்தான் அங்கே யாரும் கூச்சப்படுவது இல்லை. உதவி கொடுப்பதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவது இப்போது வழக்கம் ஆகிவிட்டது. ஓர் அரிசிப் பையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்க, வாங்குகிற அம்மாள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அந்தப் படம் யாருக்காக?

பிரான்சு நாட்டில் 1833-ம் ஆண்டு ஓசனாம் என்ற 20 வயது மாணவர் தன் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் வின்சென்ட் தே பவுல் சபை. 1863-ல் அது இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் இன்றும் அது நடக்கிறது. அதன் முக்கியமான வேலை, ஏழையைத் தன்னிடம் வரவழைப்பது அல்ல. ஏழையின் வீட்டுக்குப் போவது. போய், உட்கார்ந்து, பேசி, என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு செய்வது. கொடுப்பதைவிட இது கடினம்!

நீங்கள் என்ன செய்யலாம்?

இப்போது வீடுகளில் பிடி அரிசிப் பானை குறைந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கவரில் பணம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் தவறு இல்லை. பணம் வந்துவிடும். ஆனால் கை எங்கே இருந்து வரும்? படித்த பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் முதியவர்கள். வெள்ளம் வந்தால் அந்த முதியவர்களைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

எனவே, மழைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. எந்த மதத்தைச் சேர்ந்தவர்களும் தங்கள் தெருவில் இதைச் செய்யலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் எவை என்று எழுதுங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர்கள் சாப்பிடும் மருந்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டு இருந்தால், வெள்ள நேரத்தில் படகு எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நோட்டு செப்டம்பரிலேயே தயாராக வேண்டும்.

வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தனியாக இருக்கும் ஒரு முதியவர் வீட்டுக்குப் போங்கள். ரேஷன் வாங்கிக் கொடுக்கலாம். மகனிடம் இருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டலாம். ஒன்றும் இல்லாவிட்டால் பேசிக்கொண்டு இருக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போடத் தெரியாமல் வீட்டில் முடங்கிக் கிடப்பவர்கள் எத்தனையோ பேர்!

வயது 18 ஆனவர்கள் ரத்தம் கொடுக்கலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு தடவையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். உடம்பைப் பரிசோதித்த பிறகுதான் எடுப்பார்கள். பயம் வேண்டாம்.

நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன் வாலிபர்கள் சேர்ந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வது பல ஊர்களில் வழக்கம். அப்படிச் செய்யும்போது, கவனிக்க ஆள் இல்லாத கல்லறைகளையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதற்கு உறவு வேண்டியது இல்லை.

உங்கள் ஊரில் அசனமோ அன்னதானமோ நடந்தால், சாப்பிடும் நேரத்துக்குப் போகாதீர்கள். முந்தின ராத்திரியே போங்கள். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும். பந்தி முடிந்த பிறகும் கொஞ்சம் இருங்கள். அண்டா கழுவத்தான் ஆள் கிடைப்பது இல்லை!

பிள்ளைகளுக்கு ஒரு வேலை

கடைசியாக, வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்.

காலியான ஒரு டப்பாவை எடுத்து நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். அதைச் சமையல் அறையில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அம்மா உலை வைக்கும்போது, "இன்றைக்குப் பிடி அரிசி போட்டாயா?" என்று பிள்ளை கேட்க வேண்டும். பிள்ளையே தன் சின்னக் கையால் அள்ளிப் போட வேண்டும்.

மாதக் கடைசியில் அதை எடுத்துக்கொண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோவிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ, அநாதை இல்லத்துக்கோ, அடுத்த தெருவில் அடுப்பு எரியாத வீட்டுக்கோ போகலாம். பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது குனிந்து, இரண்டு கையாலும் கொடுக்கச் சொல்லிக் கொடுங்கள்.

கொடுப்பவன் கை எப்போதும் மேலே இருக்கும் என்பார்கள். இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தால், வாங்குகிறவர் கைதான் மேலே இருக்கும். அப்படிக் கொடுக்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஊரில் வெள்ளம் வந்தால், யாரும் கூப்பிடாமலே வாசலுக்கு வந்து நிற்கும்.